பாமுக் அயோவாவில் எழுதினாரா? ரெசிடென்சிப் புகழ் பாடுபவர்கள் பதில் சொல்லட்டும்

நெல்லைச்சீமை (இரவு 9:10)
நேற்று வடகரை ஒரு பதிவு போட்டிருந்தார். துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் தன் 'கருப்புப் புத்தகம்' நாவலை அமெரிக்காவின் அயோவா ரெசிடென்சியில், அதாவது எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைத்து எழுதவிடும் திட்டத்தில், உட்கார்ந்து எழுதினாராம். அந்த மூன்று மாதம் கிடைக்காவிட்டால் நோபலே கிடைத்திருக்காதாம். அதனால் தமிழக அரசு வருஷத்துக்குப் பத்து எழுத்தாளர்களை வெளிநாட்டு ரெசிடென்சிகளுக்கு அனுப்ப வேண்டுமாம். படித்த எல்லாரும் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாமுக் 1985 முதல் 1988 வரை நியூயார்க்கில் இருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வாளர். அந்த நாவலின் பெரும்பகுதியை அங்கே பட்லர் நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதினார். அயோவாவுக்கு இடையில் போய்வந்தார், அவ்வளவுதான். புத்தகம் வந்தது 1990இல். ஐந்து வருஷத்து உழைப்பைத் தூக்கி ஒரு விருந்தினர் விடுதியின் கணக்கில் எழுதுவது அநியாயம். நியூயார்க், அயோவா இல்லை. பதிவைத் திருத்துங்கள்.

வடகரை (இரவு 9:34)
இடையில் போய்வந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் அந்த நாவல் மனதில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தானே அவர் அயோவாவில் இருந்திருக்கிறார்? நாவல் எழுதுகிறவன் ஊர் மாறும்போது நாவலைக் கழற்றி வைத்துவிட்டா போவான்?

அயோவாவை விடுதி என்கிறீர்கள். அமெரிக்கக் கவிஞர் பால் எங்கலும், பின்னால் அவர் மனைவியான சீன எழுத்தாளர் நியே ஹுவாலிங்கும் சேர்ந்து 1967இல் தொடங்கியது அது. இதுவரை 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,500க்கும் அதிகமான எழுத்தாளர்கள் தங்கியிருக்கிறார்கள். பாமுக் 1985, கொரிய எழுத்தாளர் ஹான் காங் 1998, சீன எழுத்தாளர் மோ யான் 2004. மூவருமே பின்னால் நோபல் வாங்கினார்கள். இது தற்செயலா?

நான் இல்லினாயில் வேலை பார்க்கிறேன். இலையுதிர் காலத்தில் காரை எடுத்துக்கொண்டு அயோவா சிட்டிக்குப் போய்விடுவேன். பிரெய்ரி லைட்ஸ் புத்தகக்கடையில் அந்த எழுத்தாளர்கள் வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார்: "கல்யாணமான பிறகு, இன்றைக்கு என்ன சமையல் என்று யாரும் கேட்காத முதல் மாதம் இதுதான்." அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தத் திட்டங்கள் இருக்கலாம்.

நெல்லைச்சீமை (இரவு 9:52)
மூன்று நோபலைக் காட்டி மிரட்ட வேண்டாம். மோ யான் 'சிவப்புச் சோளம்' எழுதியது 1980களில். அது படமாகி 1988இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக்கரடி விருதும் வாங்கியாயிற்று. அவர் அயோவா போனது 2004இல், ஊரறிந்த எழுத்தாளராக. ஹான் காங் போனது 1998இல். அவரை உலகம் அறியச் செய்த 'தாவர உணவாளி' கொரிய மொழியில் வந்தது 2007இல். நடுவில் ஒன்பது வருஷம் எந்த ரெசிடென்சியின் கணக்கு?

பாமுக் விஷயத்தில் இன்னும் பதில் வரவில்லை. எந்த அத்தியாயத்தை அயோவாவில் எழுதினார்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பட்லர் நூலகம் இருப்பது நியூயார்க்கில்.

பழைய சந்தா (இரவு 10:05)
தம்பிகளா, அயோவாவா நியூயார்க்கா என்று சண்டை போடுகிறீர்கள், யார் காசு என்று ஒருவரும் கேட்கவில்லையே? பால் எங்கல் 1960களில் திரட்டிய நிதியில் ஃபார்ஃபீல்டு அறக்கட்டளையின் பணமும் உண்டு. அந்த அறக்கட்டளை சி.ஐ.ஏ. மாட்டிக்கொண்ட முகமூடி. பிறகு பல வருஷம் அமெரிக்க வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது. பனிப்போர்க் காலத்தில் மூன்றாம் உலக எழுத்தாளனைக் கூப்பிட்டு, சோளக்காட்டு நடுவில் உட்காரவைத்துச் சோறு போட்டது சும்மா இல்லை. நாங்கள் 70களிலேயே சிறுபத்திரிகைகளில் இதைப் பேசியவர்கள்.

வடகரை (இரவு 10:19)
ஐயா, அதே வெளியுறவுத் துறைதான் 2025இல் அயோவாவுக்குக் கொடுத்துவந்த நிதியை நிறுத்தியது. அவர்களுடைய கைப்பாவையாக இருந்தால் எதற்கு நிறுத்த வேண்டும்? 1979இல் சீனப் பெருநிலத்து எழுத்தாளர்களையும் தைவான் எழுத்தாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தார் நியே ஹுவாலிங். முப்பது வருஷமாக முகம் பார்க்காதவர்கள். எந்த உளவு நிறுவனம் அதைச் செய்தது?

நம் நாட்டிலிருந்தும் போயிருக்கிறார்கள். வங்காள எழுத்தாளர் சுனில் கங்கோபாத்யாய் 1963இல் பால் எங்கல் அழைத்துத்தான் அயோவா போனார். திலீப் சித்ரே 1975 முதல் 1977 வரை அங்கே இருந்தார். துக்காராமை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த மராத்திக் கவிஞர் அவர். இவர்களெல்லாம் விலைபோனவர்களா?

பழைய சந்தா (இரவு 10:27)
கடை லாபம் தராவிட்டால் முதலாளி பூட்டிவிட்டுப் போவான். அதனால் அது அவன் கடை இல்லை என்று ஆகிவிடுமா?

நெல்லைச்சீமை (இரவு 10:31)
1967இல் தொடங்கிய திட்டத்துக்கு 1963இல் போனவரை எப்படிச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள்? வருஷக்கணக்கே உங்களுக்குச் சரியாக வரவில்லை. அதோடு சுனில் அங்கே தங்கவில்லை, கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். வங்காளியில் எழுத வங்காளம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பாமுக்? நியூயார்க்.

மூன்றாம்பிறை (இரவு 10:48)
நான் ஒன்று கேட்கலாமா? ரெசிடென்சி என்று எதைச் சொல்கிறீர்கள்? பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வாளராக இருப்பது ஒன்று. அயோவா போல உதவித்தொகையோடு வாசிப்பும் வகுப்பும் கூட்டமுமாக இருப்பது வேறு. ஸ்காட்லாந்தில் ஹாதார்ண்டன் கோட்டையில் பகல் முழுக்கப் பேசக்கூடாது, மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் கதவருகே வைத்துவிடுவார்கள். அது இன்னொரு வகை. நாமே வாடகை கட்டித் தங்கும் இடங்களும் இதே பெயரில் நடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பேச்சு எங்கே போகும்?

எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் ஒரு இடம் கிடைத்தது. அழைப்புக் கடிதம் இருந்தது, பயணச்செலவும் அவர்களே தருவதாக எழுதியிருந்தார்கள். விசா நேர்காணலில், "நிலையான வருமானம் இல்லை, திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்" என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். தமிழில் மட்டும் எழுதும், சம்பள வேலை இல்லாத பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அரசு பணம் கொடுத்தாலும் ஆங்கிலம் பேசத் தெரிந்த அதே நாலு பேர்தான் போவார்கள். அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

சிற்பக்கூடம் (இரவு 11:02)
எழுத்தாளர்கள் பேசினால் ஓவியனும் சிற்பியும் உலகத்திலேயே இல்லாதது போல ஆகிவிடுகிறது. இந்த ஏற்பாடே கலைஞர்களுக்காக வந்ததுதான். பதினான்காம் லூயி 1666இல் ரோமில் பிரெஞ்சு அகாதமியைத் தொடங்கினான். 1803 முதல் அது அங்குள்ள வில்லா மெடிசி என்ற மாளிகையில் இருக்கிறது. நோட்டும் பேனாவும் இருந்தால் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். எனக்குக் கல் வேண்டும், உலை வேண்டும், ஆறடி உயரக் கதவு உள்ள கூடம் வேண்டும். வீட்டு மாடியில் உளி தட்டினால் கீழ்வீட்டுக்காரர் போலீசுக்குப் போகிறார்.

நெல்லைச்சீமை (இரவு 11:15)
வில்லா மெடிசியா? நல்ல சாட்சி. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸி 1884இல், அங்கே தங்க அனுப்பும் ரோம் பரிசை வாங்கிக்கொண்டு போனார். பிடிக்காமல், காலம் முடியும் முன்பே 1887இல் பாரீசுக்குத் திரும்பினார். இன்னொரு இசையமைப்பாளர் ராவேல் ஐந்து முறை முயன்றும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை. 1905இல் முதல் சுற்றிலேயே வெளியே தள்ளினார்கள். அது பெரிய ஊழல் பேச்சானது. ரோமுக்குப் போகாத ராவேல் ராவேலாகத்தான் ஆனார்.

சிற்பக்கூடம் (இரவு 11:23)
அதே டெபுஸ்ஸி ரோமிலிருந்து கடமைக்கு அனுப்பிய 'வசந்தம்' என்ற படைப்பைப் பார்த்துத்தான் அகாதமிக்காரர்கள் தெளிவற்ற இம்ப்ரெஷனிசம் என்று திட்டினார்கள். அவர் இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது அங்கேதான். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நான் கேட்ட உலைக்கும் கூடத்துக்கும் பதில் சொல்லவில்லை.

தமிழாசிரியர் (இரவு 11:30)
எல்லோரும் 'கருப்பு' என்றே எழுதுகிறீர்கள். வல்லின றகரம் போட்டுக் 'கறுப்பு' என்று எழுதுவதே சரி. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்பது தொல்காப்பியம். கருமை வேறு, கறுப்பு வேறு.

வடகரை (இரவு 11:34)
ஐயா, வழக்கில் இரண்டும் இருக்கின்றன. இப்போது இது தேவையா?

தமிழாசிரியர் (இரவு 11:37)
துருக்கி மொழியில் உள்ள மூலநூல் எந்த ஊரில் எழுதப்பட்டது என்று இரண்டரை மணி நேரம் பேசலாம், தமிழில் தலைப்பைச் சரியாக எழுதக்கூடாதா?

நெல்லைச்சீமை (இரவு 11:44)
ஆசிரியர் சொல்வது சரி. இனிக் கறுப்பு என்றே எழுதுகிறேன். 'கறுப்புப் புத்தகம்' எழுதப்பட்ட இடம் நியூயார்க்.

பனித்தீவு (இரவு 11:58)
நான் நோர்வேயில் இருக்கிறன். நீங்கள் எல்லாரும் நோபலையும் பரிசையும் பற்றிக் கதைக்கிறீர்கள். ஸ்டவாங்கரில் ஐகோர்ன் என்ற அமைப்பு 2006இலிருந்து இயங்குது. எழுதினதுக்காகக் கொலை மிரட்டல், சிறை என்று துரத்தப்பட்ட ஆக்களுக்கு ஒரு நகரம் இரண்டு வருசம் வீடும் பாதுகாப்பும் குடுக்கும். 1993இல் அல்ஜீரிய எழுத்தாளர் தாஹர் ஜாவுத் கொல்லப்பட்ட பிறகு எழுந்த முயற்சியின் தொடர்ச்சி அது. ஊரில் இருந்து எழுதலாம்தானே என்று நெல்லைச்சீமை அண்ணை சுகமாய்ச் சொல்லிப்போட்டார். ஊரே இல்லாதவன் எங்கே இருந்து எழுதுறது? எங்கட ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ.

நெல்லைச்சீமை (நள்ளிரவு 12:12)
சகோதரி, அது புகலிடம். உயிர்காக்கும் விஷயத்தை நான் எதிர்க்கவே இல்லை. நான் கேட்பது ஒரே ஒரு தகவல் பிழை.

என் கோபம் ஏன் என்று சொல்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வங்கியில் வேலை. காலை நாலு மணிக்கு எழுந்து ஆறரை வரை எழுதுகிறேன். மூன்று நாவல்கள் அப்படித்தான் வந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில், மின்வெட்டோடு. இன்று எழுதவரும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்த ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம்?" எழுதிய பக்கம் எங்கே என்றால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அயோவா இருந்தால்தான் பாமுக் என்று நீங்கள் எழுதினால் அவர்கள் அதைத்தானே நம்புவார்கள்? அதனால்தான் விடமாட்டேன் என்கிறேன்.

மூன்றாம்பிறை (நள்ளிரவு 12:25)
உங்களுக்கு நாலு மணிக்கு எழுந்து எழுத முடிந்தது, சார். ஆறரை மணிக்குக் காபி போட்டுக் கொடுத்தது யார்? மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பியது யார்? வடகரை சொன்ன அந்த அம்மாளின் வாக்கியம் உங்கள் கண்ணில் படவே இல்லை. அயோவாவும் வேண்டாம், நியூயார்க்கும் வேண்டாம், எனக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டும்.

நெல்லைச்சீமை (நள்ளிரவு 12:33)
என் வீட்டுக் காபிக்கும் பாமுக்குக்கும் என்ன சம்பந்தம்? தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

வடகரை (நள்ளிரவு 12:41)
இப்போது புரிகிறது. மூன்று வருஷத்துக்கு முன் உங்கள் இரண்டாவது நாவலில் நூறு பக்கம் வெட்டியிருக்கலாம் என்று நான் மதிப்புரை எழுதினேன். அன்றைக்கிருந்து என் ஒவ்வொரு பதிவிலும் வந்து ஒரு கல் எறிகிறீர்கள். அதற்குப் பாமுக் ஒரு சாக்கு.

நெல்லைச்சீமை (நள்ளிரவு 12:46)
நீங்கள் அந்த நாவலை முழுதாகப் படிக்கவில்லை என்பது அந்த மதிப்புரையிலேயே தெரிந்தது. கதாநாயகனின் தங்கை பெயரையே தப்பாக எழுதியிருந்தீர்கள். அன்றும் தகவல் பிழை, இன்றும் தகவல் பிழை.

பழைய சந்தா (நள்ளிரவு 12:50)
பணம் யாருடையது என்ற கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. குறித்துவைத்துக்கொள்கிறேன்.

வடகரை (நள்ளிரவு 12:58)
பதிவில் 'எழுதினார்' என்பதை 'எழுதிக்கொண்டிருந்த காலத்தில் தங்கியிருந்தார்' என்று மாற்றியிருக்கிறேன். இது திருத்தம் இல்லை, விளக்கம். பத்து எழுத்தாளர்களை அனுப்ப வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது.

சிற்பக்கூடம் (நள்ளிரவு 1:03)
பத்துப் பேரில் சிற்பி எத்தனை பேர்?

நெல்லைச்சீமை (நள்ளிரவு 1:07)
விளக்கம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிழை என்று எழுதுங்கள். காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், நாளை வந்து பார்க்கிறேன். நியூயார்க்.