மிரிஸ்ஸ திமிங்கிலமும் தேவேந்திரமுனை வெளிச்சவீடும் – ஒரே நாளில் முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். மார்ச்சில் ஒரு ஞாயிறு கொழும்பிலிருந்து வாகனத்தில் போக யோசிக்கிறோம். அம்மா, நாங்கள் இருவர், ஏழு வயது மகள். காலை மிரிஸ்ஸவில் படகு, பின்னேரம் மாத்தறை தாண்டி தேவேந்திரமுனை.

படகுகள் காலை ஆறரை போல வெளிக்கிடுமாம். அதிவேகப் பாதையில் வந்தாலும் விடியப்புறம் மூன்று மணிக்காவது கிளம்ப வேண்டும். முதல் நாளே போய்த் தங்குவதுதான் புத்தியா?

பெரிய கவலை அம்மா. வாகனம் வளைந்தாலே சத்தி எடுப்பவர், கடலில் நாலு மணித்தியாலம் தாங்குவாரா? குளிசை எப்போது கொடுத்தீர்கள், படகில் எந்தப் பக்கம் ஆட்டம் குறைவு? ஏப்ரலுக்குப் பிறகு கடல் குழம்பிவிடும் என்பதால் தள்ளிப்போடவும் மனமில்லை. நீலத் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வரும் இடங்கள் உலகத்திலேயே குறைவு.

திமிங்கிலத்தைத் துரத்தாமல் தூர நின்று காட்டும் படகுக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். மலிவு முக்கியமில்லை.

அப்புறம் வெளிச்சவீடு. 1889இல் கட்டிய, 49 மீற்றர் உயரக் கோபுரம், இலங்கையிலேயே உயரமானது. உள்ளே ஏற விடுகிறார்களா, வெளியே நின்று பார்ப்பது மட்டும்தானா? மகள் இதைத்தான் நச்சரிக்கிறாள். அம்மாவுக்கோ, 1588இல் போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயில் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

மாத்தறைப் பக்கம் நல்ல மரக்கறிச் சாப்பாட்டுக் கடை இருந்தால் அதையும் எழுதுங்கள்.