கதையில் காதல்: பார்த்தவுடனேயா, மெல்ல மெல்லவா?

வைகைக்கரை:
வணக்கம். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, 2019ஆம் வருஷம். புடவை செக்‌ஷனில் மகா, பில் கவுன்ட்டரில் சேகர். வேலை நேரத்தில் ஆணும் பெண்ணும் பேசக்கூடாது, பேசினால் சம்பளத்தில் பிடித்தம், கேமராவும் உண்டு. மகா தங்குவது ஹாஸ்டலில். மூன்றாம் அத்தியாயத்தில் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், அங்கேயே காதல். படித்த நண்பர்களில் சிலர் "நம்பவே முடியல" என்கிறார்கள். சிலர் "சரியா இருக்கு, இழுக்காதே" என்கிறார்கள். உங்கள் கருத்து வேண்டும்.

திண்டுக்கல் வாசகன்:
நம்ப முடியாதுதான். அந்தக் கடையில் நூறு பேர் வேலை பார்க்கும்போது ஏன் இவன், ஏன் இவள்? அதற்குப் பதில் சொல்வதுதான் எழுதுகிறவரின் வேலை. 1813இல் வந்த ஜேன் ஆஸ்டெனின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி நாயகி எலிசபெத்தை முதல்முறை கல்யாணத்துக்குக் கேட்பது 34ஆவதில். எலிசபெத் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவன் ஒரு கடிதம் கொடுக்கிறான். அதைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் அவனைப் பற்றிய தன் கணிப்பு எங்கே பிசகியது என்று அவளுக்குப் புரிகிறது. அப்புறம் அவன் மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போகிறாள். அவனைச் சின்னப் பையனாக இருந்த நாளிலிருந்து அறிந்த அம்மாள் ஒருவர் அங்கே அவனைப் பற்றிச் சொல்வதைக் கேட்கிறாள். இப்படி ஒவ்வொரு சம்பவமும் அவள் மனசைக் கொஞ்சம் நகர்த்துகிறது. உங்கள் மகாவின் மனசை எது நகர்த்தியது?

முல்லைநிலம்:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நாவலில் விருந்து, நடனம், உறவினர் வீட்டில் வாரக்கணக்கில் தங்கல் எல்லாம் உண்டு. பேசிப் பழக வழி இருந்த இடத்துக் கதை அது. காதலைப் பாடும் நம் அகப்பாட்டு மரபு, அது வந்த விதத்துக்குக் காரணம் தேடியதே இல்லை. ஊரறியாத காதலைச் சொல்லும் தொல்காப்பியக் களவியலில் 'பாலது ஆணையின்', அதாவது விதியின் கட்டளையால், இருவரும் கண்டார்கள், அவ்வளவுதான். குறுந்தொகை 40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உன் தாய் யாரோ, என் தாய் யாரோ. செம்மண்ணில் பெய்த மழைபோல நெஞ்சம் கலந்துவிட்டது. அங்கே போய் "ஏன் இவள்?" என்று கேட்டால் பாட்டே நிற்காது. காதல் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

கயல்:
முல்லைநிலம் அண்ணா, அந்தப் பாட்டின் கூற்றுக் குறிப்பையும், அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பையும், சேர்த்துப் படியுங்கள். இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள் தலைவி. அவள் வாய் திறக்கவில்லை. முகம் மாறியதைப் பார்த்து அவன் சொன்ன பதில்தான் 'யாயும் ஞாயும்'. கலந்த நெஞ்சத்தைவிட, அவள் பயத்தை அவன் கண்டுகொண்டதுதான் என்னை நம்ப வைக்கிறது.

குறுந்தொகை 25ஆம் பாட்டும் அப்படித்தான். கபிலர் பாடியது. தலைவன் சொன்ன சொல் பொய்த்தால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அவர்கள் கூடிய அன்றைக்கு வேறு யாரும் இல்லை, ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகுப் பறவைதான் இருந்தது. அதன் கால் தினைத்தாள் மாதிரி மெல்லிசாக இருந்ததுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. காதலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலைப் பற்றிச் சொன்னதிலேயே அவள் எவ்வளவு கலங்கிப் போயிருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது.

வைகைக்கரை, உங்கள் கதைக்கு வருகிறேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். 2019இல் மகா நாள் முழுக்க நிற்கிறாள், சேகர் உட்கார்ந்திருக்கிறான். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பது அவன் கண்ணில் படட்டும். பில்லில் புடவையின் கோடு நம்பர் சரியில்லை என்று சொல்லி அவளை ஸ்டாக் ரூமுக்கு அனுப்பட்டும். அங்கே பண்டல் மேல் அஞ்சு நிமிஷம் உட்காரலாம். கோடெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிய நாலு தடவை ஆகட்டும். புரிந்ததும் சந்தோஷம் வரக்கூடாது, சந்தேகம் வரவேண்டும். பதிலுக்கு இவன் என்ன கேட்பான் என்றுதான் எந்தப் பெண்ணும் முதலில் யோசிப்பாள்.

திண்டுக்கல் வாசகன்:
நாலு தடவை என்றாலே மெல்ல வளர்கிறது என்றுதானே அர்த்தம்? நான் சொன்னதும் அதுதான். ஒரு குறை மட்டும். இதில் எல்லாம் சேகரே செய்கிறான். மகாவுக்கு ஒரு ஆசை, ஒரு திட்டம் இருக்க வேண்டாமா? அவள் எதற்காக அந்தக் கடைக்கு வந்தாள்?

ஊர்க்கதை:
எல்லாரும் ரொம்ப நுணுக்கமாகப் போகிறீர்கள். வாசகரைக் கட்டிப்போடுவது துரத்தல்தான். அவன் பின்னால் போகவேண்டும், அவள் மறுக்கவேண்டும், அவன் விடக்கூடாது. சங்கப் பாட்டிலேயே தலைவன் மடல் ஏறுவேன், அதாவது பனைமட்டைக் குதிரையில் ஏறித் தெருவில் வந்து காதலை ஊரறியச் செய்வேன் என்று மிரட்டுகிறான். இது நம் மரபுதானே?

கயல்:
மரபில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பனங்கருக்கு அறுப்பது அவன் உடம்பைத்தான். ஆனால் ஊர் வாயில் விழுவது அவள் பெயர். அதை இன்றைக்கு அழகு என்று எழுத என்னால் முடியாது. இந்தக் கடையில் ஒரு பையன் பின்னால் சுற்றினால் யாருக்கு வேலை போகும்? ஹாஸ்டலிலிருந்து யார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவாள்? வேண்டாம் என்று சொன்னவளைத் துரத்துவதில் காதல் எங்கே வளர்கிறது? வளர்வது அவள் பயம் மட்டும்தான். திண்டுக்கல்லார் சொன்ன டார்சியையே பாருங்கள். மறுத்ததும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு விலகிப் போகிறான். அவள் மனம் மாறியிருக்கலாம் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் மறுபடி கேட்கிறான். அப்போதும், நீ ஒரு சொல் சொன்னால் இனி இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறான்.

ஊர்க்கதை:
வாழ்க்கையில் நீங்கள் சொல்வது சரி. கதையில் விறுவிறுப்பு போய்விடுமே என்றுதான் கேட்டேன்.

முல்லைநிலம்:
விறுவிறுப்புக்குத் துரத்தல் எதற்கு? சங்கப் பாட்டில் தலைவியின் தோழி இருக்கிறாளே. தலைவன் வந்து நின்றால் அவள் உடனே வழி விடுவதில்லை. அவன் கொண்டுவந்த கையுறையை, அதாவது பரிசை, வாங்க மறுப்பாள், இடம் மாற்றிச் சொல்வாள், காவல் கடுமை என்பாள். சேட்படை என்று அதற்கென்றே ஒரு துறை உண்டு. ஹாஸ்டலில் மகாவுக்குப் பக்கத்துப் பாயில் படுப்பவளை அப்படி எழுதுங்கள். ஸ்டாக் ரூம் விஷயம் முதலில் அவளுக்குத்தான் புரியவேண்டும். சேகரை நிறுத்தி நாலு கேள்வி கேட்பவளும் அவளாக இருக்கட்டும். காதல் எப்படி வந்தது என்று விளக்க வேண்டாம் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. மூன்றாம் அத்தியாயப் பார்வை இருக்கட்டும், காதல் என்ற பேச்சை அங்கிருந்து எடுத்துவிடுகிறேன். ஸ்டாக் ரூமும் தோழியும் உள்ளே வருகிறார்கள். மகா தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸுக்காக வந்தவள். ஒன்றரை வருஷம் முடிந்ததும் ஊருக்குப் போய் டெய்லரிங் கடை போடுவது அவள் திட்டம். அவளுக்கு அங்கே காதலிக்க நேரமே கிடையாது. இப்போது என் சிக்கல், முதலில் பேசுவது யார் என்பது.

கயல்:
மகாதான். பில்லில் எந்தக் கோடும் தப்பில்லையே, ஏன் அனுப்புறீங்க என்று நேராகக் கேட்கட்டும். சேகர் உளறட்டும்.

திண்டுக்கல் வாசகன்:
கேட்பது அவள்தான், சரி. ஆனால் பத்தாம் அத்தியாயத்துக்குள் கேட்டுவிட வேண்டும். கேமராவுக்குப் பயந்து அவர்களைக் கடைசிவரை ஊமையாக வைத்தால் என்னால் படிக்க முடியாது.

முல்லைநிலம்:
பத்து அத்தியாயமா? அஞ்சே போதும்.