ஓட்டெடுப்பு இல்லாமல் முடிவெடுக்கும் குவேக்கர் முறை நம் சங்கங்களுக்கு ஒத்து வருமா?

வாசகசாலை_பிறை கேட்டது:

வணக்கம். மலேசியாவின் செபராங் பிறையில் ஒரு சின்னச் சங்கம். 24 உறுப்பினர்கள், செயலவையில் 9 பேர். சங்கக் கடைவீட்டின் கூரை ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவதா, பிள்ளைகளின் வாசிப்பு அறையாகவே வைத்திருப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். கை தூக்கச் சொன்னால் 5-4 என்றுதான் வரும். தோற்ற நாலு பேரை அடுத்த மாதக் கூட்டத்தில் பார்க்க முடியாது.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 300 வருடத்துக்கு மேலாக ஓட்டே போடாமல் முடிவெடுக்கிறார்கள் என்று படித்தேன். கூட்டம் உள்ளே எப்படி நடக்கிறது? ஒரே ஒருவர் முரண்டு பிடித்தால் என்ன செய்வார்கள்? அந்தச் சமய நம்பிக்கை இல்லாத நமக்கு இது பலிக்குமா? சட்டவிதியில் ஓட்டெடுப்பு என்று எழுதியிருக்கிறதே, அதை என்ன செய்வது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்_கரை பதில்:

முதலில் ஒரு திருத்தம், ஐயா. எல்லாரும் தலையாட்டினால்தான் முடிவு என்பது குவேக்கர் முறை இல்லை. நாம் ‘ஒருமனதாக’ என்று கூட்டறிக்கையில் எழுதுவதற்குப் பின்னால் பெரும்பாலும் பேரம்தான் இருக்கும்: நீ கொஞ்சம் இறங்கு, நான் கொஞ்சம் இறங்குகிறேன். அவர்கள் தேடுவது சபையின் மனம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஓர் அம்சம் இருக்கிறது, அமைதியாகக் காத்திருந்தால் அது வழிகாட்டும் என்பது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கி வந்த நம்பிக்கை. அதனால் அலுவல் கூட்டமும் அவர்களுக்கு வழிபாடுதான்.

கூட்டத்தை நடத்துபவரை கிளார்க் என்பார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் நாட்டாமை தீர்ப்புச் சொல்வார். கிளார்க்குக்கு அந்த அதிகாரம் கிடையாது. சபையில் என்ன உருவாகி வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டு எழுதுவதுதான் அவர் வேலை. தன் கருத்தைத் தள்ளக் கூடாது. பக்கத்தில் ஓர் உதவி கிளார்க் இருப்பார்.

தொடக்கத்தில் சில நிமிட மௌனம். பிறகு அந்த விஷயத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் விவரத்தை மட்டும் வைப்பார். உங்கள் விஷயத்தில், வாடகை எவ்வளவு வரும், கூரை ஒழுகலுக்கு எவ்வளவு ஆகும், வாரத்தில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்து சந்தேகம் கேட்பவர்கள் கேட்கலாம். அது தீர்ந்த பிறகுதான் கருத்து. பேச நினைப்பவர் எழுந்து நிற்பார், கிளார்க் பெயர் சொன்னதும் பேசுவார். பேச்சு கிளார்க்கைப் பார்த்துத்தான், முன்பு பேசியவருக்கு மறுமொழியாக இல்லை. ஒரு விஷயத்தில் பொதுவாக ஒருவர் ஒரு தடவைதான் பேசுவது வழக்கம். தான் சொல்ல வந்ததை வேறொருவர் சொல்லிவிட்டால், ‘அவர் சொன்னதுதான் என் மனசிலும்’ என்று முடித்துக்கொள்வார். ஒருவர் உட்கார்ந்ததும் அடுத்தவர் உடனே எழ மாட்டார். கைதட்டல் கிடையாது. இந்த இடைவெளிதான் சூட்டைத் தணிக்கிறது. மறுமொழிக்கு வாய்ப்பில்லை என்றால் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

ஆனால் இந்த முறையின் உயிர்நாடி மௌனம் என்று நினைக்காதீர்கள். குறிப்பு எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பேச்சு ஒரு பக்கமாகக் கனியும்போது கிளார்க் அங்கேயே, அப்போதே வரைவு எழுதுவார். எழுதி முடிக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள். பிறகு வாய்விட்டு வாசிப்பார். உங்கள் கூட்டத்தில் முதல் வரைவு இப்படி இருக்கலாம்:

‘கீழ்த்தளத்தை வாடகைக்கு விட முடிவு செய்கிறோம்.’

உடனே ஒருவர், ‘முன்பகுதி மட்டும்தானே சொன்னோம்?’ என்பார். இன்னொருவர், ‘எத்தனை மாதத்துக்கு?’ என்பார். திருத்தியது:

‘கீழ்த்தளத்தின் முன்பகுதியை 12 மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு விட ஒப்புகிறோம். பின்பகுதி வாசிப்பு அறையாகவே இருக்கும். பிள்ளைகள் தனி வாசலில் வந்துபோக வேண்டும் என்ற கவலையைக் கேட்டோம். தடுப்பு போடும் பொறுப்பைப் பொருளாளரிடம் ஒப்படைக்கிறோம். பத்தாவது மாதக் கூட்டத்தில் இதை மீண்டும் பார்ப்போம்.’

என்ன, ஏன், யார், எப்போது எல்லாம் உள்ளே வந்துவிட்டது. தோற்றவர் என்று சொல்லக்கூடியவரின் கவலையும் எழுத்தில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும்போது பிரிட்டிஷ் குவேக்கர்கள் ‘ஹோப் ஸோ’ என்பார்கள், அமெரிக்கர்கள் ‘அப்ரூவ்ட்’ என்பார்கள். அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் வீட்டுக்குப் போய் மாற்றக் கூடாது. நம் கூட்டறிக்கை மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் வரும்போது ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு முடிவு இருக்கும், இல்லையா?

செந்தூல்_மல்லிகா பதில்:

முரண்டு பிடிப்பவர் பற்றி. இரண்டு வகை உண்டு. ‘எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை, ஆனால் சபை போகட்டும்’ என்று ஒதுங்கி நிற்பது ஒன்று. ‘இது தவறு, என்னால் விட முடியாது’ என்று வழிமறிப்பது மற்றொன்று. வழிமறிப்பை எண்ணிக்கையால் நசுக்க மாட்டார்கள். ஆனால் ஒருவர் கை தூக்கிவிட்டார் என்பதற்காக எல்லாம் நின்றுவிடும் என்பதும் இல்லை. அந்த எதிர்ப்பில் எவ்வளவு கனம் இருக்கிறது, சபை முழுவதற்கும் அதில் ஏதாவது இருக்கிறதா என்று கிளார்க் எடைபோட வேண்டும். பிடிவாதத்தையும் மனசாட்சியையும் பிரித்துப் பார்ப்பது கடினம், கிளார்க் தவறும் இடமும் பெரும்பாலும் இதுதான்.

ஒத்த மனம் வராவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவார்கள், அல்லது மூன்று நான்கு பேரிடம் ஒப்படைப்பார்கள், அல்லது ‘இதில் எங்களுக்கு ஒத்த மனம் இல்லை’ என்றே குறிப்பில் எழுதுவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அண்ணா. முடிவு வரவில்லை என்றால் இப்போது இருப்பது அப்படியே தொடரும். ஆகவே உங்கள் சங்கத்தில் வாசிப்பு அறைக்காரர்கள் ஒன்றும் செய்யாமலே வெல்வார்கள். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

குவேக்கர் வரலாற்றிலேயே இதற்குக் கசப்பான உதாரணம் உண்டு. 1688இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் சபையான மாதக் கூட்டம் தன்னால் தாங்க முடியாத பாரம் என்று அதற்கு மேலுள்ள காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது, அது வருடாந்தரக் கூட்டத்துக்கு அனுப்பியது, அங்கே அது முடிவெடுக்கப்படாமலே நின்றது. பிற்பாடு ஜான் ஊல்மன் போன்ற குவேக்கர்கள் அடிமை வைத்திருந்த உறுப்பினர்களை வீடு தேடிப் போய்ப் பேசினார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று ஃபிலடெல்ஃபியா வருடாந்தரக் கூட்டம் தீர்மானித்தது 1776இல். 88 வருடம்! நாட்டுச் சட்டம் வரக் காத்திராமல் தாங்களாகவே அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது உண்மை. அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதும் உண்மை.

உங்கள் விஷயத்துக்கு நான் சொல்வது, நேராக முடிவுக் கூட்டம் வைக்காதீர்கள். முதலில் ஒரு போரடிப்புக் கூட்டம் வையுங்கள். பெயரைக் கேட்டுக் கொட்டாவி விட வேண்டாம், இது களத்து மேட்டில் நெல்லைப் போரடிப்பது. குவேக்கர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்கப்படாது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். கோபம், சந்தேகம், கணக்கு எல்லாம் கொட்டலாம். பதரும் மணியும் பிரிந்த பிறகு, இரண்டு வாரம் விட்டு முடிவுக் கூட்டம். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் முதலாவதில் பேசிய சூட்டிலேயே இரண்டாவதிலும் உட்காருவார்கள்.

நமக்கென்று ஒரு சிக்கல்: மௌனம் சம்மதம். குவேக்கர் மௌனத்துக்கு அந்தப் பொருள் கிடையாது. பெரியவர் ஒருவர் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அதைச் சம்மதம் என்று எழுதிவிடுவோம். குவேக்கர்களிடமும் சொல்லுக்குக் கனம் உள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பக்கம் சாயும் ஆபத்தும் இருக்கிறது. எல்லாரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது என்ற விதியைப் போரடிப்புக் கூட்டத்தில் வையுங்கள். குறிப்பை வாசித்தபின், பேசாதவர்களைப் பார்த்து ‘இதில் உங்களுக்கு நெருடல் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ‘சரிதானே?’ என்று கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும்.

நம்பிக்கை பற்றி: காத்திருத்தலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மரியாதையான பேச்சுவார்த்தைதான் என்று குவேக்கர்களே சொல்வார்கள். இருந்தாலும் இடைவெளி, மறுமொழியின்மை, உடனடிக் குறிப்பு மூன்றும் யாருக்கும் வேலை செய்யும். கடவுள் வாழ்த்தை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்தால் சண்டை அங்கேயே தொடங்கும். வாழ்த்து முடிந்த பிறகு 3 நிமிடம் வையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_கணக்கர் பதில்:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 1966 சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் தன் சட்டவிதிப்படி நடக்க வேண்டும். அதில் ஓட்டெடுப்பு என்று இருந்தால் குவேக்கர் முறை என்று சொல்லி அதைத் தாண்ட முடியாது. கோரம் (விதி சொல்லும் குறைந்தபட்ச வருகை) இல்லாமல் எடுத்த முடிவு, எத்தனை மௌனம் காத்தாலும் செல்லாது.

வழி எளிது. குறிப்பு ஏற்கப்பட்டதும் அதையே தீர்மானமாக ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, கை தூக்கிப் பதிவு செய்யுங்கள். ஒரு நிமிட வேலை. நிர்வாகிகள் தேர்தலை மட்டும் தொடாதீர்கள். குவேக்கர்கள் பெயர் தேடும் குழு வைத்து ஆளைப் பரிந்துரைப்பார்கள், ஆனால் விதி ரகசிய வாக்கு என்றால் வாக்குதான். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ‘அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவோம்’ என்பது கணக்கறிக்கைக்குச் செல்லாது.

வாசகசாலை_பிறை கேட்டது:

நன்றி. ஒரு தடை. எங்கள் தலைவரே வாடகைப் பக்கம். அவர்தானே கூட்டம் நடத்துவார்? அப்புறம், ஒரு மணி நேரம் போதுமா?

ஜெலுத்தோங்_கரை பதில்:

அந்த ஓர் அம்சத்துக்கு மட்டும் நாற்காலியை மாற்றுங்கள். கிளார்க் தானே ஒரு பக்கம் இருந்தால் விலகி, அந்த விஷயத்துக்கு வேறொருவரை அமர்த்துவது குவேக்கர்களிடமும் வழக்கம். தலைவர் சபையில் உட்கார்ந்து மற்றவர் போலப் பேசட்டும். சட்டவிதி துணைத்தலைவர் நடத்தலாம் என்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம்: இந்த ஒரே விஷயம் என்றால் 90 நிமிடம் வையுங்கள். அதில் எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் மட்டும் 25 நிமிடம் போகும், அதைக் குறைக்காதீர்கள். மற்ற அம்சங்களை அன்றைக்கு எடுக்க வேண்டாம். மாலைத் தேநீர், மீ கோரேங் எல்லாம் முடிவுக்குப் பிறகு. நடுவில் வைத்தால் வராந்தாவில் தனிக்கூட்டம் கூடிவிடும்.

இன்னொன்று, கூட்டத்துக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்தால் மறுநாள் மௌனம் வெறும் நாடகம். யோசித்துவிட்டு வர வேண்டும், முடிவெடுத்துவிட்டு வரக் கூடாது என்பதைக் கூட்ட அழைப்பிலேயே போடுங்கள். விவரத் தாள் ஒரு வாரம் முன்னால் கையில் இருக்கட்டும். வராதவர் பிறகு கேள்வி எழுப்ப முடியாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

வரைவைத் திரையில் போட வேண்டாம் என்பது என் கருத்து. போட்டால் எல்லாரும் ஒற்றுப்பிழை திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். மெதுவாக இரண்டு தடவை வாசியுங்கள், காதால் கேட்கட்டும்.