நீண்ட பகலுக்கு மட்டக்களப்பில் ஏன் விழா இல்லை?

கேள்வி (கல்லடி)

சுவீடனில் வாழும் என் சின்னம்மா குடும்பத்தார், யூன் மாதத்தில் பூவும் இலையும் சுற்றிய கம்பத்தை நட்டு ஆடிப்பாடும் படங்களை ஆண்டுதோறும் அனுப்புகிறார்கள். ஆண்டின் மிக நீண்ட பகலைக் கொண்டாடும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது? சூரியன் தெற்கே திரும்பும் நமது தட்சிணாயனமும் அதே கதிர்த்திருப்பந்தான் என்றால், பஞ்சாங்கம் அதை ஆடி முதலாம் நாளில் வைப்பது ஏன்? நம்மிடம் இதற்கென ஒரு சடங்கும் இல்லாததன் காரணத்தையும் அறிந்தவர்கள் கூறுவீர்களா?

மறுமொழி (தாண்டவன்வெளி)

ஒரே தொடக்கத்தைச் சுட்ட முடியாது. ஏறத்தாழ கி.மு. 2500இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் நிறுத்தப்பட்ட பெருங்கற்கள், கோடைத் திருப்பத்தில் சூரியன் உதிக்கும் திசையையும் மாரித் திருப்பத்தில் மறையும் திசையையும் நோக்கி அமைந்துள்ளன. ஆனால் அருகிலுள்ள டரிங்டன் வோல்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகள் மாரிகால விருந்துகளையே காட்டுவதால், கோடை நாள்தான் அவர்களின் பெருவிழா என்று சொல்லிவிடுவது அவசரமாகும். இன்றைய ஐரோப்பிய விழாவுக்கு நெருங்கிய வேர் திருச்சபை நாட்காட்டியில் உள்ளது. திருமுழுக்கு யோவான் கிறிஸ்துவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்று லூக்கா நற்செய்தி உணர்த்துவதால், அவருடைய பிறப்பு விழா யூன் 24இல் அமைந்தது. உரோமர் கதிர்த்திருப்பத்துக்குக் குறித்திருந்த நாளும் அதுவே. 'அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்' என்ற யோவானின் சொல்லை, அந்நாளுக்குப் பின் பகல் சுருங்குவதோடு இணைத்துப் புனித அகுஸ்தீனார் மறையுரை ஆற்றியிருப்பதை வாசிக்கும்போதெல்லாம் வியக்கிறேன். விழாவின் முன்னிரவில் தீ வளர்க்கும் வழக்கம் பின்லாந்திலும் லற்வியாவிலும் இன்றும் உண்டு. சுவீடன் 1953 முதல் அம்முன்னாளை யூன் 19 முதல் 25 வரையில் வரும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது.

மறுமொழி (அக்கரைப்பற்று, கணித ஆசிரியர்)

பஞ்சாங்கம் பற்றி மட்டும் கூறுகிறேன். நமது மாதங்கள் விண்மீன்களை வைத்துக் கணிக்கப்படுபவை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், பருவங்கள் அவற்றை விட்டு ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னே நகர்கின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பிறப்பும் கதிர்த்திருப்பமும் ஒன்றாகவே வந்தன. இன்று மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன. ஆகவே பஞ்சாங்கம் பிழையன்று, அது வேறோர் அளவுகோலைப் பின்பற்றுகிறது.

மறுமொழி (தம்பிலுவில்)

சடங்கு இல்லாததன் காரணம் வெயிலிலேயே இருக்கிறது, தங்கச்சி. ஸ்டொக்ஹோமில் டிசெம்பரில் ஆறு மணி நேரமாகச் சுருங்கும் பகல், யூனில் பதினெட்டரை மணி நேரமாக நீள்கிறது; மட்டக்களப்பிலோ இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. சூரியனுக்காக ஏங்காத ஊர் அதன் வரவை எதற்காகக் கொண்டாட வேண்டும்? கச்சான் காற்று அனலாய் வீசி, குளங்கள் வற்றத் தொடங்கும் அப்பருவத்தில் நாம் வேண்டுவது குளிர்ச்சியைத்தான். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடத்தி, மதுரையை எரித்தவளின் சினம் ஆறக் குளிர்த்தி பாடுகிறோம். அது கதிர்த்திருப்ப விழா என்று நான் சொல்லவில்லை, அது பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆயினும் அங்கே தீ மூட்டும் பருவத்தை ஒட்டி இங்கே தணிக்கப் பாடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மாணவர்களுக்கு இதைக் கண்ணால் காட்ட வழி உண்டா, சேர்?

மறுமொழி (அக்கரைப்பற்று, கணித ஆசிரியர்)

உண்டு. சமதரையில் ஒரு மீற்றர் உயரத் தடியை நிமிர்த்தி நட்டு, யூன் 21இல் முற்பகல் 11.45 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்கச் சொல்லுங்கள். பகல் 12.05 அளவில் நிழல் மிகக் குறுகி, ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நீளத்தில் தெற்கே விழும். டிசெம்பரில் அதுவே 60 சென்ரிமீற்றராக வடக்கே விழும். அன்று முகிலாக இருந்தால் இரண்டு மூன்று நாள் பிந்திச் செய்தாலும் அளவு மாறாது.