ரைஃபிளைப் பெஞ்சில் வைத்துச் சுடும்போது வாங்கும் உதை: ஸ்டாக் (தோளில் பதியும் கட்டை) மாற்றியவர்கள் சொல்லுங்கள்

டெக்சஸ்_வாசி:
என்னுடையது .30-06 தோட்டா ரைஃபிள். கூடவே வந்த பிளாஸ்டிக் ஸ்டாக். ஒரு நாள் குண்டுகள் ஒட்டி விழும், மறுநாள் தட்டு அளவுக்குச் சிதறும். பக்கத்து பெஞ்சுப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு டாலர் நோட்டை பேரலுக்கும் (குழல்) ஸ்டாக்குக்கும் நடுவே விட்டார். வழுக்கிக்கொண்டு போனது. முன்னால் தாங்கும் இரட்டைக் கால் பைபாட் மேல் கொஞ்சம் சாய்ந்து எடை கொடுத்தார். நோட்டு நகரவில்லை; ஸ்டாக் வளைந்து பேரலைத் தொட்டுவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் நோட்டை உருவி பர்ஸில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

லேமினேட் (மென்தகடுகளை ஒட்டிச் செய்த) மர ஸ்டாக் போட்டேன். சிதறல் நின்றது. உதையும் பாதியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. அது எடையாலா, வடிவத்தாலா என்பதுதான் பிடிபடவில்லை.

பழைய_மவுசர்:
பாதியெல்லாம் ஆகாது அண்ணே. 8 பவுண்டு ரைஃபிளில் 180 கிரெயின் எடையுள்ள .30-06 குண்டு சுமார் 20 அடி-பவுண்டு (ஆற்றல் அளவு) உதைக்கும். அதையே 10 பவுண்டாக்கினால் 16. லேமினேட் அவ்வளவுகூட ஏற்றாது. மீதி மனசு. நான் என் .308 ரைஃபிளுக்கு ஸ்டாக் பின்பக்கம் ஈயக் குண்டு நிரப்பினேன், சுகமாக இருக்கிறது. ஆனால் காரிலிருந்து பெஞ்சு வரை தூக்கிக்கொண்டு போவதற்குள் மூச்சு வாங்குகிறது.

கொலராடோ_அக்கா:
எடை, எடை என்றே சொல்கிறீர்கள். நான் ஐந்தடி ஒரு அங்குலம். கடையில் வரும் ஸ்டாக் நீளம் பெரும்பாலும் 13½ அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். அதற்குக் கழுத்தை நீட்டி ஸ்கோப்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரின் .300 வின் மேக் (இன்னும் வலுவான தோட்டா) ரைஃபிளில் அப்படிப் பார்த்து, ஸ்கோப் இடித்துப் புருவத்தில் தையல். கோயிலில் இன்னும் "என்னம்மா அடி?" என்று கேட்கிறார்கள். அந்த ரைஃபிள் ஒன்றும் லேசானது இல்லை. நீளத்தைக் குறைத்து, கன்னம் படும் இடம் நேராக இருக்கிற ஸ்டாக் போட்ட பிறகு, உதை நேராகப் பின்னால் வருகிறது, கன்னத்தில் ஏறுவதில்லை. எடை கிட்டத்தட்ட அதேதான், மவுசர் தம்பி.

மலைக்கோட்டை:
எங்கள் ரேஞ்சில் ஒருவர் தாத்தாவின் வால்நட் ரைஃபிளை, ஈயப் பை ஏற்றிப் பூட்டும் ஸ்டாண்டில் வைத்துச் சுட்டார். படக்கென்று வேறொரு சத்தம். கைப்பிடிக் கழுத்தில் மயிரிழை விரிசல். விரலால் தடவிக்கொண்டே நின்றார் மனிதர். ரைஃபிள் பின்னால் போக வழியில்லை என்றால் அந்த உதை கட்டைக்குள்தான் இறங்கும்.

அதனால் சொல்கிறேன். முதலில் நிமிர்ந்து உட்காருங்கள். பெஞ்சில் கவிழ்ந்து படுத்தால் தோள் பின்னால் நகர முடியாது, மொத்தத்தையும் எலும்பு வாங்கும். நின்று சுடும்போது அதே தோட்டா வலிக்காததற்கு இதுதான் காரணம். முன் தாங்கியை உயர்த்துங்கள், பின்னால் மணல் பை வையுங்கள். அப்புறம் நல்ல ரப்பர் பேட். பழசு கல்லாகியிருந்தால் உடனே மாற்றுங்கள். புது ஸ்டாக் போட்டதும் ரிகாயில் லக் (உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் இரும்புப் புடைப்பு) பின்பக்கம் நன்றாகப் பதிகிறதா பாருங்கள், இல்லையென்றால் எபாக்ஸி பெடிங் (இடைவெளியை எபாக்ஸி பசையால் நிரப்புவது). ஆக்‌ஷன் ஸ்க்ரூவை (ரைஃபிளை ஸ்டாக்கோடு பிணைக்கும் திருகு) டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்குங்கள், கை உத்தேசம் வேண்டாம். நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல், நடுவில் டம்மி (வெடிக்காத) தோட்டா போடச் சொல்லுங்கள். டம்மியிலும் முனை ஆடினால் நீங்கள்தான் உதைக்குப் பயந்து அசைகிறீர்கள், ஸ்டாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

டெக்சஸ்_வாசி:
மலைக்கோட்டை சார், நான் உட்காரும் விதத்தைக் கேட்கவே இல்லையே! அக்கா சொன்னது பொருந்துகிறது. புது ஸ்டாக்கில் கன்னப் பகுதி உயரம்தான்.

பழைய_மவுசர்:
வடிவம் கன்னத்தைக் காப்பாற்றும், சரி. தோளுக்கு எடைதான். இரண்டும் வேண்டாம் என்றால் மஸில் பிரேக் (குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதையைக் குறைக்கும் துண்டு) போடுங்கள். போன மாதம் பக்கத்தில் ஒருவர் அப்படிச் சுட்டார். என் டார்கெட் பேப்பர், தொப்பி எல்லாம் பறந்தன. இயர் மஃப்புக்குள் இயர் பிளக்கும் வைத்துக்கொண்டுதான் மீதியைச் சுட்டேன்.