ஆச்சி வீட்டுக் குழுவில் மூன்று நாவல்கள்

மீனா: இந்த மாதம் மூன்று நாவல் முடித்துவிட்டேன். பாராட்டுகிறவர்கள் பாராட்டலாம் 😄

கதிர்: என்னென்ன அக்கா?

மீனா: அசோகமித்திரனின் 'தண்ணீர்', பூமணியின் 'வெக்கை', ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'.

கதிர்: வெக்கைதானே அசுரன்? படம் பார்த்தாயிற்று. என் கணக்கில் ஒன்று.

மீனா: சேராது தம்பி. தனுஷுக்கு வருகிற அந்த முன்கதை நாவலில் கிடையாது. வெட்டு ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் 15 வயதுப் பையனும் அவன் அப்பாவும் கோர்ட்டில் சரணடையப் போகும்வரை ஒளிந்து திரிகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு மனதில் நிற்பது அந்த ஓட்டத்திலும் அவர்கள் சோறு பொங்குவதுதான். கொலை செய்தவன் என்பதே மறந்து, பிள்ளை இன்றைக்குச் சாப்பிட்டானா என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

செல்வி அத்தை: நடுவில் கேட்கிறேன், யாரிடமாவது சித்தியின் புது நம்பர் இருக்கிறதா?

திவ்யா: தனியாக அனுப்பிவிட்டேன் அத்தை.

செல்வி அத்தை: சரிம்மா. 'தண்ணீர்' நான் கல்யாணத்துக்கு முன்பே எடுத்தேன். ஒரே சோகம் என்று பாதியில் வைத்துவிட்டேன்.

மீனா: அத்தை, அதில் உட்கார்ந்து சோகப்பட யாருக்கு நேரம் இருக்கிறது? ஜமுனாவுக்கு சினிமா ஆசை காட்டி வாழ்க்கையைக் கெடுத்தவன் பாஸ்கர் ராவ். அவன்மேல் ஆத்திரப்படுவதற்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்லும் இடத்தை இரண்டு தடவை படித்தேன். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அதனால்தானோ என்னவோ, சினிமாக்காரர்களைப் பற்றிச் சத்தமே போடாமல் எழுதிவிடுகிறார்.

செல்வி அத்தை: அப்படியானால் மறுபடி எடுக்கிறேன். சின்னப் புத்தகம்தானே.

மீனா: கரிப்பு மணிகள்தான் கொஞ்சம் ஏமாற்றம். நம் ஊர் உப்பளத்துக் கதை என்று ஆசையாக எடுத்தேன். பல இடங்களில் ஆட்கள் பேசவில்லை, மேடையில் முழங்குகிறார்கள்.

பெரியப்பா: மீனா, நான் டைப் செய்துகொண்டிருக்கிறேன். யாரும் பேச்சை மாற்ற வேண்டாம்.

கதிர்: 🍿

பெரியப்பா: முழக்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மா முசிறியில் பிறந்தவர். தூத்துக்குடிக்கு வந்து அளத்து ஆட்களோடு பழகி எழுதினார். அளத்துக்குப் போகாத வீடு நம் தெருவில் எத்தனை இருந்தது? நம்மில் ஒருவர் எழுதினோமா? உன் ஆச்சி 11 வருஷம் உப்புப் பெட்டி சுமந்தவள். வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். காலில் வெடிப்பு விட்டால் மழைக்காலத்தில் அளம் நிற்கும்போதுதான் ஆறும். அப்போது கூலியும் நின்றுவிடும். இதெல்லாம் ஒருத்தி வந்து கேட்டு எழுதினாளே என்றுதான் எனக்கு.

மீனா: விவரங்களில் குறையே சொல்லவில்லை பெரியப்பா. பொன்னாச்சி அளத்தில் படுகிற பாடு எனக்கும் தொண்டையை அடைத்தது. ராமசாமி பேச வாயெடுத்தால்தான் பயமாக இருக்கிறது.

பெரியப்பா: சங்கத்து ஆட்கள் நிஜத்திலும் அப்படித்தான் பேசுவார்கள்மா.

மீனா: 😂 அது ஒரு பாயிண்ட்.

திவ்யா: ஆச்சிக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஆச்சி கேட்கிறாள்: "காலையும் கண்ணையும் எழுதினாள், சரி. குடிக்கிற தண்ணியை எழுதினாளா? தூக்குச்சட்டித் தண்ணி பத்து மணிக்கே தீர்ந்துபோகும். சுத்தி தண்ணியாய்க் கிடக்கும், நாக்கில் வைக்க முடியாது."

செல்வி அத்தை: அப்போ அதற்கும் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்திருக்கலாம்.

மீனா: ஆச்சி, மறுபடி புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன். நான் அதைத் தேடிப் படிக்கவில்லை, என் தப்புதான்.

கதிர்: எங்கே கிடைக்கும் அக்கா?

மீனா: ராஜம் கிருஷ்ணன் எழுத்தை 2009இல் நாட்டுடைமை ஆக்கிவிட்டார்கள். மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் கரிப்பு மணிகள் இலவசமாகவே இருக்கிறது.

திவ்யா: ஆச்சி தனக்கு முழுசாகப் படித்துக் காட்டச் சொல்கிறாள். எனக்குப் பரீட்சை, இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வந்து படிக்கிறேன். மேடைப் பேச்சு வந்தால் இரண்டு பக்கம் தள்ளிவிடுவேன். மீனாவிடம் சொல்ல வேண்டாம்.