குவாதலூப்: காலையில் மலை, மதியத்துக்கு மேல் மேற்குக் கரை

வழிப்போக்கன்:
கரீபியனில் குவாதலூப் தீவுக்கு ஐந்து நாள் போகிறோம். கார் எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் படுத்துவிட்டுத் திரும்ப மனமில்லை. எரிமலை, அருவி, கடலடி, அங்குள்ள தமிழர் வழிக் கோயில் இவற்றை எந்த வரிசையில் வைப்பது? எதில் சிக்கல் வரும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பாதை:
எரிமலையை முதலில் வைத்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். தீவு வரைபடத்தில் சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மேற்குச் சிறகு பாஸ்-தேர்: எரிமலை, காடு, ஆறு, ஓயாத மழை. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்பு, வெள்ளை மணல். நடுவில் சாலே என்ற குறுகிய கடற்கால்வாய். பாலத்தில் கடக்கும்போது கவனிக்கக்கூட மாட்டீர்கள். பெரும்பாலான ஹோட்டல்கள் கிழக்கில், பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி மேற்கில். கிழக்கில் தங்கிக்கொண்டு தினமும் மலைக்குப் போய்வந்தால் புவாந்த்-அ-பித்ர் நகரத்தைச் சுற்றி வரும் காலை நெரிசலிலேயே விடியல் போய்விடும். முதல் மூன்று இரவாவது பாஸ்-தேரில் தங்குங்கள்.

லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர். சிற்றண்டிலீஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம் இதுதான். கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும், அதனால் உச்சி பெரும்பாலான நாள் மூடியே கிடக்கும். திறந்தால் விடியற்காலையில் திறக்கும். வெயில் ஏறிய பிறகு நம்ப முடியாது. ஆகவே தேதி குறிக்காதீர்கள். எழுந்ததும் மலையைப் பாருங்கள், உச்சி தெரிகிற நாளில் ஏறுங்கள்.

கார் போவது பேன் ஷோன் வரைக்கும்தான், ஏறக்குறைய 950 மீட்டர் உயரம். முன்பு அதற்கு மேலும் சவான் அ முலே என்ற திடல் வரை சாலை இருந்தது. 2004 நவம்பர் 21 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் துண்டை மூடிவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் ஒரு மணி நேரக் கணக்கைத் தவற விடுகிறார்கள். பேன் ஷோனிலிருந்து கல் பாவிய காட்டுப்பாதை. அரை மணியில் 1,142 மீட்டரில் உள்ள அந்தத் திடல் வந்துவிடும். மரங்கள் அங்கே முடிகின்றன. பிறகு மலையை வளைத்து ஏறும் ஒற்றையடிப் பாதை. மொத்தம் 500 மீட்டர் ஏற்றம். ஏற இரண்டு மணி நேரம், இறங்க அதைவிடக் கொஞ்சம் குறைவு. பாவிய கற்களில் பாசி இருப்பதால் வழுக்குவது இறங்கும்போதுதான் அதிகம்.

கெட்டுப்போவது எங்கே என்றால், மூன்று இடத்தில். முதலாவது உடை. கீழே 30 டிகிரி வெயிலில் கிளம்பி பருத்தி பனியனோடு ஏறுவார்கள். மேலே தூறலும் காற்றும் சேர்ந்தால் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு பற்கள் கிடுகிடுக்கும். சீக்கிரம் காயும் சட்டை, மழை அங்கி, பாலிதீன் பையில் இன்னொரு மாற்றுச் சட்டை, பிடிப்புள்ள ஷூ. இவ்வளவும் வேண்டும்.

இரண்டாவது பனிமூட்டத்தில் பாதையை விட்டுக் குறுக்கே இறங்குவது. உச்சிக் குவிமாடம் முழுக்கப் பிளவுகள், அவற்றின் வாயைப் பாசியும் செடியும் மூடியிருக்கும். தரை மாதிரியே தெரியும். அடையாளம் தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள், மூட்டம் விலகும்வரை நகராதீர்கள்.

மூன்றாவது வாயு. உச்சியின் தெற்கு எரிமலை வாயிலிருந்து வரும் புகையில் நீராவியோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டு. உச்சியின் ஒரு பகுதியை நிர்வாகம் இதனால்தான் தடுத்து வைத்திருக்கிறது. எல்லை அவ்வப்போது மாறும், கிளம்புமுன் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் வராமல் போனால் வாயு போய்விட்டது என்று எண்ணக்கூடாது, மூக்கு மரத்துப்போயிருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் திடலோடு திரும்புவது நல்லது. திடலிலிருந்தே மலையின் உடம்பு முழுசாகத் தெரியும்.

1976-இல் இது நீராவி வெடிப்புகளாகப் பொங்கியபோது 70,000 பேருக்கு மேல் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். எரிகுழம்பு வரவே இல்லை. வெளியேற்றியது சரியா தவறா என்று பிரெஞ்சு விஞ்ஞானிகளான தஸியேஃபும் அலேக்ரும் போட்ட சண்டை எரிமலை ஆய்வாளர்கள் மத்தியில் இன்றும் ஒரு தனிக் கதை.

வழிப்போக்கன்:
ஆறு வயதுப் பிள்ளை உண்டு. அப்படியானால் அருவிக்கு மட்டும் போகலாமா?

மலைப்பாதை:
தாராளமாக. கார்பே அருவிகள் மூன்று: மேலிருந்து முதலாவது 115 மீட்டர், இரண்டாவது 110, மூன்றாவது 20. உங்களுக்கு இரண்டாவது போதும். நுழைவுக் கட்டணம் கட்டி இருபது, முப்பது நிமிடம் நடந்தால் பார்வை மேடை. நிலநடுக்கத்துக்குப் பின் பாறைகள் சரிந்ததால் அருவியின் காலடிக்குப் போவதில் கட்டுப்பாடு உண்டு, மேடையிலிருந்தே பார்க்க மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதலாவதுக்கான பாதை சேறும் வேரும் ஏணியும் நிறைந்த அரை நாள் வேலை, பிள்ளையோடு வேண்டாம். இங்கும் காலைக் கணக்குத்தான். மேகம் இறங்கிவிட்டால் அருவியின் சத்தம் மட்டும் கேட்கும்.

மலையைக் குறுக்கே கடக்கும் த்ராவெர்ஸே சாலை ஓரத்து எக்ரவிஸ் அருவிக்குச் சாலையிலிருந்து பத்து நிமிடம்கூட ஆகாது. அந்தச் சுலபமே அதற்கு வினை. உல்லாசக் கப்பல் நிற்கும் நாளில் பேருந்து பேருந்தாக இறங்குவார்கள். எட்டு மணிக்கு முன் போனால் அழகு, பதினொன்றுக்குப் போனால் சந்தை.

ஆற்றில் குளிப்பவர்களுக்கு: கீழே வெயிலடித்தாலும் மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கும். தெளிந்த நீர் பழுப்பாகி இலைதழை மிதந்து வரத் தொடங்கினால் துணியைத் தேடாமல் கரையேறுங்கள். பேன் ஷோனில் மலையேற்றத்துக்குப் பின் காலை நனைக்க வெதுவெதுப்பான குளம் ஒன்று உண்டு. உடம்பை நனைக்கலாம், தலையை முக்கக்கூடாது. வெந்நீர் ஊற்றுகளில் இருக்கும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். 2008-இல் இந்தத் தீவில் ஒரு சிறுவன் அப்படி இறந்திருக்கிறான். பிள்ளைகள் குதித்து விளையாடும் இடம் அது இல்லை.

ஒரு நல்ல செய்தி: குவாதலூப்பில் விஷப்பாம்பு கிடையாது. பக்கத்து மார்த்தினிக்கில் உண்டு.

கடலோடி:
மேலே சொன்ன காற்றுக் கணக்கைக் கடலுக்கும் வைத்துக்கொள்ளலாம். மலை மழையை வாங்கிக்கொள்வதால் மேற்குக் கரை காய்ந்து, அலை அடங்கி இருக்கும். மதியத்துக்கு மேல் அங்கே இறங்கிவிடுங்கள். புயாந்த் அருகே மலாந்தூர் கடற்கரைக்கு எதிரில் பிஜோன் குட்டித்தீவுகள், அவற்றைச் சுற்றி கடலடி ஆய்வாளர் குஸ்தோ பெயர் தாங்கிய பாதுகாப்புப் பகுதி. நீருக்கடியில் சுமார் 12 மீட்டரில் அவருடைய மார்பளவுச் சிலை ஒன்றும் இருக்கிறது. மூழ்கத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடித் தரைப் படகு உண்டு. மலாந்தூரிலேயே கரைக்குப் பக்கத்தில் கடற்புல் மேயும் பச்சை ஆமைகள் வரும். முகமூடி போட்டு மிதந்தால் போதும். ஆமை மூச்சுவிட மேலே வரும் வழியை மறிக்காதீர்கள், தொடவும் கூடாது. மணல் கறுப்பாக இருக்கும், மதிய வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

தெஷெ ஊரின் கிராந்த் ஆன்ஸ் படத்தில் மிக அழகு. ஆனால் அலை கரையிலேயே உடைந்து அடிப்பதால் பிள்ளைகளை உருட்டிவிடும். பிள்ளைக்கு சேன்த்-ஆன் ஊர்க் கடற்கரை நல்லது, வெளியே பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுகிறது.

கிழக்குக் கரைக்கும் தென்கரைக்கும் சர்காஸம் என்ற பழுப்புப் பாசி குவியல் குவியலாக ஒதுங்கும். அழுகும்போது இதுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடைத்தான் விடும். கண் எரியும், தலை வலிக்கும். ஒதுங்கும் நாளுக்கு முன்கூட்டியே முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள், அறை போடுமுன் பார்க்கலாம். மேற்குக் கரைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: கடற்கரையில் மான்சினியே என்ற மரம். பளபளப்பான இலை, பச்சை ஆப்பிள் போன்ற சின்னக் காய், வாசனையும் இனிப்பாக இருக்கும். பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைக் கடித்தால் தொண்டை வீங்கும். அடிமரத்தில் சிவப்புப் பட்டையோ பலகையோ வைத்திருப்பார்கள், எல்லா மரத்திலும் இருக்காது. மழை வந்தவுடன் கிடைத்த மரத்தடியில் ஒதுங்குவது நமக்குப் பழக்கம். இலையில் வழிந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். நனைந்துவிட்டுப் போங்கள்.

புவாந்த் தே ஷாத்தோ, தீவின் கிழக்கு நுனி, பார்க்க மட்டும். குன்றின் மேல் சிலுவை வரை ஏறினால் லா தெஸிராத் தீவு தெரியும். அங்கே நீந்தக்கூடாது, அட்லாண்டிக்கின் இழுப்பு கடுமை.

காரைக்கால்:
கோயிலைப் பற்றி. கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் நெடுஞ்சாலை ஓரமாகவே ஷான்ஜி கோயில் தெரியும், வண்ணச் சுதைச் சிற்பங்களோடு. கார்பே அருவிக்குப் போகும் சாலை இந்தப் பக்கத்திலிருந்துதான் மலையேறுகிறது. ஆகவே அருவி முடித்து இறங்கும்போது கோயில், இரண்டுக்கும் ஒரே நாள். ஊருக்கு வெளியே அரச பனைகள் இருபுறமும் நிற்கும் துமனுவார் சாலையும் அதே வழியில்.

1848-இல் அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். ஓரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1889 வரை 42,000 பேருக்கு மேல் வந்தார்கள். கல்கத்தா வழியாக வடக்கிலிருந்தும் ஆட்கள் வந்தாலும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்களின் வழிபாடுதான் இங்கே ஊன்றியது. அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை சும்மா கிடைக்கவில்லை. கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-இல் தொடங்கிய வழக்கு 1923-இல்தான் முடிந்தது.

கோயிலில் விசாரிக்கும்போது மாலியெமின், மால்தேவிலின், நாகுர்மீரா என்று கேட்டால் வழி காட்டுவார்கள்: மாரியம்மன், மதுரைவீரன், நாகூர் ஆண்டவர். மூன்றாமவருக்குக் கொடிமரம் நட்டிருப்பார்கள். பூசை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடனாக நடக்கும், அதனால் நேரப் பட்டியல் தேடிப் பயனில்லை. நடக்கும் நாளில் ஆடும் சேவலும் பலி உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் அதற்கு முன் நாள்கணக்கில் புலால் விட்டிருப்பார்கள். பிள்ளையோடு போகிறவர்கள் பலி நேரத்தைக் கேட்டுவிட்டு அதற்கு முன்போ பின்போ போங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். படம் எடுக்க முதலில் கேளுங்கள். சந்நிதியையும் பலியையும் எடுக்க வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

பாடல்கள் தமிழில் இருக்கும். பாடுகிறவர் பேசுவது கிரியோல் என்ற உள்ளூர் மொழியும் பிரெஞ்சும். வரிகளைத் தலைமுறையாகக் காதால் கேட்டு, ரோமன் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக் காப்பாற்றியது. நம்மவர்களில் சிலர் அங்கேயே நின்று உச்சரிப்பைத் திருத்தக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் ஊர்களிலேயே குறைந்துபோன வீரன் வழிபாட்டை அவர்கள் கடல் தாண்டிக் கட்டிக் காத்திருக்கிறார்கள், கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.

நேரமிருந்தால் மோர்ன்-அ-லோ கல்லறைத் தோட்டம்: கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரக் கல் பதித்த குட்டி வீடுகள் சரிவு முழுக்க. நவம்பர் 1 இரவு முழுவதும் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். புவாந்த்-அ-பித்ரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த மெமோரியல் ஆக்த், அடிமைமுறை வரலாற்று மையம். இரண்டு மணி நேரத்துக்குக் குறைத்துப் போகாதீர்கள், திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையற்கட்டு:
கோயிலைச் சொன்னவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். பூசை முடிந்தால் வாழையிலையில் ஆட்டுக் கொலம்போ, அதாவது மசாலாப் பொடி போட்ட குழம்பு. தீவு முழுக்க உணவகங்களிலும் உண்டு. பொடியில் மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, வெந்தயம். மிளகாய் பொதுவாகப் பொடியில் சேராது. அதனால் முதல் வாய்க்கு நமக்குச் சப்பென்று இருக்கும், உடனே சாஸைக் கேட்காதீர்கள். குழம்பில் முழுசாக ஒரு குண்டு மிளகாய் மிதக்க விட்டிருப்பார்கள், வாசனைக்காக. கரண்டியால் அதை உடைத்துவிட்டால் அந்தச் சட்டி முழுக்கப் பாழ். தட்டில் வந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுங்கள். வழியில் பசிக்கு பொகித்: எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து மீனோ கோழியோ வைத்துத் தருவது. ஒன்று தின்றால் ஒரு வேளை தாங்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

கடலோடி:
லே சேன்த் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து போங்கள், இருபது நிமிடச் சொச்சம். புவாந்த்-அ-பித்ரிலிருந்து ஏறினால் ஒரு மணி நேரம் ஆட்டம், வாந்தி வருகிறவர்களுக்கு ஆகாது. முதல் படகைப் பிடியுங்கள். ஏனென்றால் மேலே உள்ள நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும். துறையிலிருந்து செங்குத்தாக அரை மணி நடை. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1782 ஏப்ரல் 12 கடற்போரைப் பற்றிய அறை உள்ளே இருக்கிறது, வெளியே கற்றாழைத் தோட்டத்தில் உடும்பு போன்ற இகுவானாக்கள். திரும்பியதும் த்ருவா-ரிவியேரிலேயே ஆதிக்குடிகள் பாறையில் செதுக்கிய முகங்கள் உள்ள பூங்கா, துறைக்கு நடை தூரம்தான்.

மலைப்பாதை:
இரண்டு வேலை இப்போதே செய்யுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் கவனிக்க: குவாதலூப் பிரான்ஸின் பகுதி, ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது. சாதாரண ஷெங்கன் விசா மட்டும் இருந்தால் பாரிஸ் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடக்கூடும். விண்ணப்பிக்கும்போதே குவாதலூப்பைக் குறிப்பிட்டு அதற்குச் செல்லும் விசா கேளுங்கள். பிரான்ஸில் வசிப்பு அட்டை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது தங்குமிடம். தீவில் குழாய்த்தண்ணீர் முறைவைத்து நிற்கும், சில ஊர்களில் நாள் முழுக்க. வீட்டுக்காரரிடம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். டிசம்பர் முதல் மே வரை காய்ந்த காலம். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் மாதங்கள். கார் பதியும்போது ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கையில் வருவது கியர் வண்டி. பேன் ஷோன் ஏற்றத்தில் அது முதல் கியரில்தான் ஏறும்.